கேம்களுக்கும் ஓர் அலுமாரி வேண்டும்: யாழ். பொது நூலகத்தாருக்கும் மாநகர சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய யாழ். மாநகர முதல்வர், ஆணையாளர், பிரதம நூலகர் மற்றும் நூலக ஊழியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொது நூலகத்தில் பழைய வீடியோ கேம்களுக்கென்று ஒரு சிறிய பகுதியைத் தொடங்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கேம்களைப் பற்றிய புத்தகங்களை அல்ல, கேம்களையே கேட்கிறேன். உட்கார்ந்து விளையாடக்கூடிய மாதிரி, இரண்டு மூன்று மெசினும் ஒரு பழைய பெட்டி ரீவியும் வைத்த ஓர் அறை போதும். ஏன் கேட்கிறேன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

நான் முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். வேலைக்குப் போகிறேன், ஒரு பெண்பிள்ளையின் தாய். சின்ன வயதில் விளையாடிய கேம்களையும், விளையாடக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த கேம்களையும் சில வருடங்களாகத் தேடித் தேடித் திரும்ப விளையாடி வருகிறேன். இது தொடங்கியது 2022 இல். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம், உங்களுக்கும் நினைவிருக்கும். கரண்ட் நின்றால் இன்ரநெற்றும் நின்றுவிடும். வீட்டில் இருந்த பழைய லப்டொப்பில் புதிய கேம் எதுவும் ஓடாது. ஓடக்கூடியவை இருபது வருடத்துக்கு முந்தியவைதான். அவை இன்ரநெற் கேட்காது, பட்டரியையும் கெதியில் குடிக்காது. பொழுதுபோகத் தொடங்கியதுதான், ஆனால் தொடங்கிய பிறகு விடமுடியவில்லை.

முதலில் 'ரீவி கேம்'. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 இல் திறந்தபோது கொழும்பிலிருந்து லொறி லொறியாகச் சாமான் வந்தது. ரோச் பட்டரிக்கே தடை இருந்த காலத்தைக் கடந்து வந்த எங்களுக்கு, கடைகளில் அடுக்கியிருந்த எல்லாமே புதினம். அதில் ஒன்று இந்த ரீவி கேம். நின்டெண்டோ 1983 இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபமிகொம் மெசினைப் பார்த்து யாரோ மலிவாகச் செய்த கொப்பி அது. அசல் என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கசெற்றின் மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம்தான், அதே கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கொஞ்சத்துக்குள் சூப்பர் மரியோவும் கொன்ட்ராவும் டக் ஹண்டும் இருந்தன. அது போதுமாக இருந்தது.

சூப்பர் மரியோ 1985 இல் வந்தது. அதில் விளையாடியதைச் சேமித்து வைக்க வழி கிடையாது. எட்டாவது உலகம் வரை போயிருந்தாலும் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, திரும்ப முதலாவது உலகத்தின் முதலாவது காளானில் இருந்துதான். சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகிற ஊரில் அப்படி ஒரு கேம் விளையாடி வளர்ந்தவர்களின் பொறுமை தனி. கொன்ட்ராவில் 30 உயிர் எடுக்கும் இரகசியம் இருந்தது: மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம், பிறகு இரண்டு பட்டன். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் வேறொரு கேமைச் சோதித்துப் பார்க்கும்போது தன் வசதிக்காக வைத்தது அது. அவர் 2020 இல் இறந்த செய்தியை வாசித்தபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரியும். ஜப்பானில் ஒருவர் தன் வேலை சுலபமாகட்டும் என்று வைத்த ஒன்று, இன்ரநெற்றே இல்லாத எங்கள் ஒழுங்கைகளில் வாய்வழியாகவே வந்து சேர்ந்து, ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடமாகி இருந்தது. அது எந்த வழியால் இங்கே வந்தது என்று யாராவது இருந்து விசாரித்து எழுதவேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

டக் ஹண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் கேட்கும் அறையில் பெட்டி ரீவி ஏன் வேண்டும் என்பதற்கு அதுதான் விளக்கம். அந்த மெசினோடு ஒரு பிளாஸ்டிக் துவக்கு வரும். ரீவியில் பறக்கும் வாத்தை அதனால் சுடவேண்டும். மகளுக்குக் காட்டலாம் என்று அதே மாதிரி ஒரு மெசினைத் தேடி எடுத்து, விறாந்தையில் இருக்கும் புதுத் தட்டை ரீவியில் கொழுவினேன். படம் வந்தது, வாத்து பறந்தது. எவ்வளவு சுட்டும் ஒரு வாத்துக்கூட விழவில்லை. துவக்குத்தான் பழுது என்று நினைத்தேன், ஆனால் அது நன்றாகத்தான் இருந்தது. அந்தத் துவக்கில் இருந்து ஒன்றும் வெளியே போவதில்லை. வெளிச்சத்தை உணரும் ஒரு கண் மட்டும்தான் அதன் குழலுக்குள் இருக்கிறது. விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வந்து மறையும். துவக்கு அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். பெட்டி ரீவி, மெசின் அனுப்பும் படத்தை அந்தந்தக் கணத்திலேயே கோடு கோடாகத் திரையில் வரையும். தட்டை ரீவியோ படத்தை வாங்கி, தன் திரைக்கு ஏற்றமாதிரி ஒழுங்குபண்ணி, சில மில்லிசெக்கன் பிந்தித்தான் காட்டும். அதற்குள் துவக்கு பார்த்து முடித்துவிடும். பக்கத்து வீட்டில் மூலையில் கிடந்த பெட்டி ரீவியை வாங்கி வந்து போட்டோம், முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது. மகள் போட்ட சத்தத்துக்கு ரீவி தந்த அன்ரியே மதிலால் எட்டிப் பார்த்தா.

இப்போது அந்தப் பெட்டி ரீவிகளை யாழ்ப்பாணம் முழுக்கப் பழைய சாமான்காரரிடம் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் தேடினாலும் கிடைக்காது. கேமை மட்டும் காப்பாற்றி வைத்தால் போதாது, அது எதில் ஓடியதோ அதையும் வைத்திருக்கவேண்டும். புத்தகத்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை, கண்ணும் வெளிச்சமும் இருந்தால் வாசிக்கலாம். கேம் அப்படியல்ல. இதைத் தனி ஆட்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாது என்பதால்தான் நூலகத்தைக் கேட்கிறேன்.

அடுத்தது ஐஜிஐ. என் வயதுப் பெடியளில் இந்தப் பெயர் தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கமாட்டார். புரொஜெக்ட் ஐஜிஐ, 2000 ஆம் ஆண்டு வந்தது. டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள், முட்கம்பி வேலியும் காவற்கோபுரமும் உள்ள இராணுவத் தளங்களுக்குள் தனியே நுழைவதுதான் கதை. அதைச் செய்தது இன்னர்லூப் என்ற நோர்வே நிறுவனம். 2002 சமாதானத்துக்கு நடுவில் நின்ற அதே நோர்வே. அந்தச் சமாதானத்தால் பாதை திறந்தது, திறந்த பாதையால் கொப்பி சீடிகள் வந்தன, சீடியில் நோர்வேக்காரர் செய்த கேம் இருந்தது. இவ்வளவும் எனக்குப் பிற்காலத்தில்தான் பொருந்தி வந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் நான் ஐஜிஐ விளையாடவில்லை. மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து விளையாடும் கேம் கடைக்குப் போனது அண்ணாதான். பெண்பிள்ளைகள் கேம் கடைக்குப் போகிற வழக்கம் இல்லை. யாரும் அடித்துத் தடுக்கவில்லை, ஆனால் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் சைக்கிள்கள் நிறைந்து நிற்கும், உள்ளே முழுக்கப் பெடியள், கதவு பாதி சாத்தியிருக்கும். அண்ணா வந்து இரவில் எனக்குக் கதை சொல்லுவார். வாயால் சொல்லி விளங்காத இடங்களை ஒரு சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் வரைந்து காட்டுவார்: தண்டவாளம், பாரக்ஸ், அலாரம் இருக்கும் இடம், எங்கே படுத்திருந்து பைனாக்குலரால் பார்க்கவேண்டும், எந்தக் காவலாளி எப்போது திரும்புவான். கேம் முழுவதையும் நான் அந்தக் கொப்பியில்தான் விளையாடினேன்.

அண்ணா இப்போது கனடாவில். கொப்பி என்னிடம் இருக்கிறது. ஐஜிஐயை நான் முதன்முதல் என் கையால் விளையாடியது முப்பது வயதுக்குப் பிறகு, அந்தக் கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. தண்டவாளம் அவர் கீறிய இடத்திலேயே இருந்தது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். கேமில் வரும் காவற்கோபுரங்கள் உயரமான, சட்டங்களால் கட்டிய கோபுரங்கள். அண்ணாவின் படத்தில் அவை பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து, மேலே தகரம் போட்டுக் கிடக்கின்றன. எங்கள் சந்தியில் இருந்த இராணுவச் சென்றியை அப்படியே கீறியிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காவற்கோபுரம் என்றால் அதுதான். பள்ளிக்கூடம் போகும்போது அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கடந்த இடம், பின்னேரம் கடையில் திரைக்குள் வந்து நின்றது. அவருக்கு அதில் ஒரு புதினமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு விளையாட மனம் வரவில்லை.

ஐஜிஐயை இன்று விளையாடும் யாரும் முதலில் சொல்லும் குறை, ஒரு கட்டத்தின் நடுவில் சேமிக்க முடியாது என்பது. அரைமணித்தியாலம் ஊர்ந்து போய்க் கடைசி வாசலில் சுடுபட்டால், திரும்ப வேலிக்கு வெளியிலிருந்துதான். 2003 இல் வந்த இரண்டாம் பாகத்தில் குறிப்பிட்ட தடவை மட்டும் சேமிக்க விட்டார்கள். காவலாளிகளின் புத்தியும் பெரிதாக இல்லை. அலாரம் அடித்தால் பாரக்ஸில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், முடிவே இல்லை. இவ்வளவும் உண்மை. ஆனாலும் இது இன்றைக்கும் நல்ல கேம் என்று நான் அடித்துச் சொல்லுவேன். சேமிக்க முடியாததால்தான் மலையில் படுத்திருந்து பார்க்கப் பழகுகிறோம். எத்தனை பேர், யார் எங்கே நடக்கிறார், எந்தப் பக்கம் வெளி. அதன் நிலப்பரப்பு அவ்வளவு விசாலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதே நிறுவனம் முன்பு செய்த போர்விமான கேமின் நிரலைக்கொண்டுதான் இதைக் கட்டினார்கள். வானத்தில் பறப்பதற்குச் செய்த நிலத்தில் ஒரு மனிதனை நடக்க விட்டிருக்கிறார்கள். கடையில் இருந்து விளையாடிய பெடியளுக்கு மணித்தியாலக் கணக்குக்குக் காசு, அவசரம். பொறுமையாக இருந்து அந்த நிலத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

2006 ஓகஸ்டில் பாதை திரும்பப் பூட்டியது. ஊரடங்கு. பின்னேரம் ஆனதும் எல்லோரும் வீட்டுக்குள். அண்ணாவும் கடைக்குப் போகமுடியாமல் வீட்டில். பழைய காலத்து நாடு ஒன்றைக் கட்டி, படை நடத்திப் போரிடும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் கேமின் இரண்டாம் பாகத்தை அப்போதுதான் நான் சரியாக விளையாடினேன். சித்தப்பா விட்டுப்போன கொம்பியூட்டரில், கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, அண்ணாவும் நானும் மாறி மாறி. ஜோன் ஒஃப் ஆர்க்கையும் சலாதீனையும் செங்கிஸ்கானையும் பார்பரோசாவையும் எங்களுக்குப் பழக்கியது பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் அல்ல, இந்தக் கேம். இந்தத் தொடரைப் பற்றி எழுத எனக்குச் சந்தோசமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு பழைய தொடரை எப்படி வைத்திருக்கவேண்டும் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன். இந்த இரண்டாம் பாகத்தை முதலில் செய்தது என்செம்பிள் ஸ்டூடியோஸ், 1999 இல். அந்த நிறுவனம் 2009 இல் மூடப்பட்டது. மூடிய பிறகும் ரசிகர்கள் விடவில்லை. அவர்களாகவே புதிய நாகரிகங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு அந்த ரசிகர்களிடமே மைக்ரோசொஃப்ட் வேலையைக் கொடுத்தது. 2019 இல் முழுக்கப் புதுப்பித்த பதிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் வந்த இந்தியச் சேர்க்கையில் திராவிடர் என்று ஒரு நாகரிகம். ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கதைத்தொடர். ஆட்களைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி வாள்காரர் இருக்கிறார்கள். அவர்களின் மீன்பிடிப் படகு மற்றவர்களின் படகை விடக் கூடுதலாக மீன் சுமக்கும்.

2006 இல் ஊரடங்குக்குள் இருந்து பிராங்க்குகளையும் சரசென்களையும் நடத்திய பிள்ளைக்கு, அதே கேமில் பதினாறு வருடம் கழித்துத் தன் மொழி கேட்டது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணாவுக்கு உடனே வட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன். அங்கே நடுச்சாமம். எழும்பிக் கேட்டுவிட்டு, "இதைச் செய்தவங்களுக்குக் கோயில் கட்டலாம்" என்று எழுதினார்.

எல்லாத் தொடருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. டூம் ரைடருக்குக் கிடைத்தது: அதன் முதல் மூன்று பாகங்களை 2024 இல் சேர்த்து வெளியிட்டபோது, ஒரு பட்டனை அமத்தினால் பழைய முகம், திரும்ப அமத்தினால் புதிய முகம் என்று செய்திருந்தார்கள். மிகவும் மரியாதையான வேலை அது. ஆனால் நீட் ஃபோர் ஸ்பீட் தொடரில் ஐந்து கேம்களை 2021 மே மாதக் கடைசியில் இணையக் கடைகளில் இருந்து ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். அதில் கார்பனும் ஒன்று. இன்று காசு கையில் இருந்தாலும் புதிதாக வாங்க முடியாது. நின்டெண்டோ தன்னுடைய 3டிஎஸ், வீ யூ மெசின்களின் இணையக் கடையை 2023 மார்ச் 27 ஆம் திகதி மூடியது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்ரறி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதே வருடம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010 க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்கக் கிடைக்காதவை என்று அதில் கண்டார்கள். அமெரிக்காவில் அந்த நிலை என்றால் எங்கள் கதை என்ன?

செய்தவர்களிடமே இல்லாமல் போவதும் உண்டு. 1989 இல் வந்த பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றுதான் அதைச் செய்த ஜோர்டன் மெக்னர் நினைத்திருந்தார். 2012 இல் அவருடைய தகப்பனார் வீட்டு அலுமாரியின் பின்பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டியை அனுப்பினார், அதற்குள் அந்த டிஸ்குகள் இருந்தன. பழைய டிஸ்குகளை வாசிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடிப்பிடித்துத்தான் அதை வெளியே எடுத்தார்கள். உலகம் முழுக்க விளையாடிய ஒரு கேம் ஒரு தகப்பனுடைய அலுமாரியால் தப்பியது.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், இல்லாமல் போவது என்றால் என்ன என்று யாழ். பொது நூலகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1981 இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் பற்றி நான் இங்கே எழுதவரவில்லை, அந்த இழப்போடு ஒரு கேம் கசெற்றை ஒப்பிடவும் மாட்டேன். அதற்கும் முன்னால் உள்ள கதையைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன். 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதில் இருந்துதான் இந்த நூலகம் வந்தது. தனி ஆட்கள் வீட்டில் வைத்திருந்ததைப் பொதுவில் கொண்டுவந்து வைத்ததால் உண்டானது. நான் கேட்பதும் அதே வேலைதான்.

வேறு நாடுகளில் நூலகங்கள் இதைச் செய்கின்றன. பிரான்ஸின் தேசிய நூலகம் 1992 முதல் சட்டப்படியே வீடியோ கேம்களைப் பெற்று வைக்கிறது. நோர்வேயின் தேசிய நூலகமும் தன் நாட்டுக் கேம்களைச் சேர்க்கிறது. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012 இல் பக்மனையும் டெட்ரிஸையும் தன் தொகுப்பில் சேர்த்தது.

நூலகம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இன்னொரு காரணம் பெண்பிள்ளைகள். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை பின்னேரம் எங்கே போகிறாய் என்று கேட்டால், நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். கேம் கடை இன்று பளபளப்பாக, ஏசி போட்டு இருந்தாலும், அந்தப் பாதி சாத்திய கதவு இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. இந்தக் கேம்களில் பாதியை நான் இன்னொருவர் வாயால் கேட்டுத்தான் அறிந்தேன். என் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் அப்படி அறியக்கூடாது.

"பிள்ளையள் ஏற்கெனவே போனோட கிடக்குதுகள், இதில நூலகத்திலயும் கேமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் அம்மாவே கேட்டா. நியாயமான பயம்தான். ஆனால் இன்று போனில் இலவசமாக வரும் கேம்களையும் நான் சொல்லும் கேம்களையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. போன் கேமுக்கு முடிவே கிடையாது. நாளைக்கும் வா, நாளையின்றைக்கும் வா, உடுப்பு வாங்கு, பெட்டி வாங்கு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வியாபாரம். மரியோவில் அரசகுமாரியை மீட்டால் முடிந்தது. பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவின் முதல் பாகத்தில் கேமே உங்களுக்கு 60 நிமிடம்தான் தருகிறது. அதோடு கொன்ட்ரா பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்து விளையாடச் செய்தது. நீர்வீழ்ச்சிக் கட்டத்தில் நீங்கள் மேலே ஏறிப் போய்விட்டால் கீழே நிற்பவர் செத்துப்போவார், அதனால் ஒருவரையொருவர் பார்த்துத்தான் போகவேண்டும். நூலகம் மூடும் நேரத்தில் அறையும் மூடும், மெசின் யாருடைய பொக்கற்றிலும் வீட்டுக்கு வராது. எல்லாக் கேமும் எல்லா வயதுக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. கார்க் களவும் கொலையுமாக ஓடும் வைஸ் சிட்டி கேமை நாங்கள் எல்லோரும் பத்து வயதிலேயே பார்த்துவிட்டோம். இன்று வளர்ந்த ஆளாகத் திரும்ப விளையாடும்போது, அதைச் சிறுவர் பகுதிப் பக்கமே கொண்டுபோகக்கூடாது என்று சொல்லுவேன். பெட்டியிலேயே வயது போட்டிருக்கிறது, அதன்படி பிரித்து வைக்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கொப்பி சீடிகளையும் கொப்பிக் கசெற்களையும் விளையாட வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை இந்த ஊரின் ஒரு காலத்தைக் காட்டும் பொருட்களாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் போதும். விளையாட வைப்பது முறையாக வாங்கியதாக இருக்கட்டும். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸின் புதிய பதிப்பு, டூம் ரைடர் தொகுப்பு, கொனாமி 2019 இல் வெளியிட்ட கொன்ட்ரா தொகுப்பு எல்லாம் இன்றும் வாங்கலாம், ஐஜிஐயும் பழைய கேம்கள் விற்கும் இணையக் கடையில் கிடைக்கிறது. மலிவு விற்பனை நேரத்தில் பார்த்து வாங்கினால் விலையும் பெரிதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நூலகங்களுக்கு என்ன இடம் இருக்கிறது என்பதை மாநகர சபையின் சட்ட ஆலோசகர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது. அமெரிக்காவில் நூலகங்கள் கையிலுள்ள பழைய கேம்களை வீட்டிலிருந்தே பார்க்க விடலாமா என்று கேட்டதற்கு 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டார்கள், நூலகக் கட்டடத்துக்குள் வைத்துத்தான் என்றார்கள். நானும் கட்டடத்துக்குள் என்றுதான் கேட்கிறேன்.

மெசின்களுக்கு அதிகம் செலவழிக்கவேண்டாம். இதை வாசிக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும் சொல்கிறேன்: ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உங்கள் நிலவறைகளில் பிள்ளைகள் விளையாடி முடித்த பிளேஸ்ரேஷன்களும் நின்டெண்டோக்களும் பெட்டியில் கிடக்கின்றன. ஊருக்குக் கப்பலில் சாமான் போடும்போது அதையும் போட்டு விடுங்கள். வயரையும் கொன்றோலரையும் மறக்காமல் போடுங்கள், அவை இல்லாமல் வரும் மெசினால் பயனில்லை. பழைய போக்கிமொன் கசெற் இருந்தால் கெதியில் அனுப்புங்கள். சேமித்த விளையாட்டை உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பட்டரிதான் பிடித்து வைத்திருக்கிறது, அது செத்தால் பிள்ளை சிறுவயதில் சேர்த்தது எல்லாம் போய்விடும்.

அப்புறம், கேம்களோடு சேர்த்து எங்கள் கதைகளையும் வாங்கி வையுங்கள். கேம் கடை நடத்தியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜெனரேற்றர் போட்டு மணித்தியாலத்துக்குக் காசு வாங்கியவர்கள், கொழும்பில் இருந்து சீடி கொண்டுவந்தவர்கள், பாதை பூட்டியபோது கடையை மூடியவர்கள். அவர்களில் சிலரைக் கூப்பிட்டு இருத்தி, கதைக்கவிட்டு, பதிந்து வைக்கலாம். பெரிய வேலை இல்லை, ஒரு போனே போதும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலச் சிறுவர்கள் என்ன விளையாடினார்கள் என்று நாளைக்கு ஒரு மாணவி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய வந்தால், அவளுக்குக் கொடுக்க நூலகத்தில் ஏதாவது இருக்கவேண்டும்.

என் பங்குக்கு, துவக்கோடு சேர்ந்த ரீவி கேம், பக்கத்து வீட்டு அன்ரி தரச் சம்மதித்துவிட்ட பெட்டி ரீவி, என் ஐஜிஐ, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் சீடிகள், அண்ணாவின் சீஆர் கொப்பி ஆகியவற்றைத் தருகிறேன். கொப்பிக்கு மட்டும் ஒரு நிபந்தனை: கடைசிப் பக்கங்களை ஸ்கான் பண்ணி அண்ணாவுக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும், அதைச் சொல்லித்தான் அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் வந்து மெசின்களைப் பூட்டித் தரவும், பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்கவும், பதிவேடு எழுதவும் நான் ஆயத்தம். இந்த மடலைக் காட்டியபோது இன்னும் சிலர் தங்களிடம் இருப்பதைத் தரவும் கூட நிற்கவும் ஒத்துக்கொண்டார்கள், அதில் இரண்டு பேர் இலத்திரனியல் சாமான் திருத்தும் வேலை தெரிந்தவர்கள்.

இவற்றை ஏற்றுக்கொள்வீர்களா, எந்தப் பகுதியில், யாரிடம் ஒப்படைப்பது என்பதை அறியத் தாருங்கள். பெட்டி ரீவி பாரம் கூட. மேல்மாடி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தூக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நல்லூரில் இருந்து ஒரு நூலக வாசகி